சாட்ஸ்வொர்த் சேவைக் கழகக் கூட்டம்: முதியோருக்கு ஹேம்பரா, வாராவாரம் வரும் ஆளா?

பேவியூ மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வட்டாரச் சேவைக் கழகத்தின் மாதக் கூட்டம் போன வியாழக்கிழமை நடந்தது. நிகழ்ச்சி நிரலில் முதியோர் உதவி கடைசியில் இருந்தது. வழக்கமாக அதற்குப் பத்து நிமிடம்தான்: டிசம்பர் ஹேம்பருக்கு, அதாவது முதியோருக்குக் கொடுக்கும் மளிகைப் பொட்டலத்துக்கு, எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அரிசி, பருப்பு, எண்ணெய் எங்கே மலிவு, யார் வண்டி கொண்டு வருவது. இந்த முறை தலைவர் வேறு ஒன்று செய்தார். போன வருடம் ஹேம்பர் கொண்டுபோய்க் கொடுத்தவர்களிடம், "அந்தந்த வீட்டில் என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டார்.

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல மண்டபமே அமைதியாகிவிட்டது. பியூஸ் போன பல்பை மாற்ற ஆளில்லாமல் இருட்டிலேயே குளிக்கும் ஆயா. வந்த கடிதங்களைப் பிரிக்காமல் இழுப்பறையில் அடுக்கி வைத்திருக்கும் தாத்தா, அதில் பாதி நகராட்சிக் கடிதங்கள். கண்புரையால் இன்சுலின் ஊசியின் கோடுகள் தெரியாமல் குத்துமதிப்பாக மருந்தேற்றிக்கொள்ளும் ஒரு மாமா. இன்னொரு வீட்டில் அம்மாவுக்குக் கால் நகம் வளர்ந்து சதையில் இறங்கியிருக்கிறது, குனிந்து வெட்ட முடியவில்லை, யாரிடமும் கேட்கக் கூச்சம். சாட்ஸ்வொர்த்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மலைச்சரிவில் கட்டிய வீடுகள். ரோட்டிலிருந்து வாசலுக்குச் செங்குத்தாகப் படி இறங்கும். அந்தப் படிக்குக் கைப்பிடி இல்லாததால் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஹேம்பர் பணத்தில் பாதியை எடுத்து, படிகளுக்குக் கைப்பிடிக் கம்பி போடவும், கிளினிக்குக்கு அழைத்துப் போக வண்டிச் செலவுக்கும் வைப்பது. கூடவே இரண்டிரண்டு பேராக வாரம் ஒருமுறை தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்குப் போய்வருவது. சிலர் உடனே கையைத் தூக்கினார்கள். சிலருக்குக் கோபம், "சோறு போடும் பணத்தை எடுத்துக் கம்பி போடுவதா" என்று. அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாக ஒத்திவைத்திருக்கிறார்கள்.

நான் வாரம் ஒருமுறை போகும் பக்கம். ஆனால் எதிர்த்துப் பேசியவர்களும் முதியோர் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு போய்ப் பேசுகிறேன்.

வெஸ்ட்கிளிஃப் பேரன்:

அக்கா, எதிர்த்துக் கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதியோர் உதவித்தொகை 2025 ஏப்ரலில் மாதம் 2,315 ராண்ட் ஆனது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் என்றால் இன்னும் 20 ராண்ட். அதை ஒரு ஆள் சாப்பிடுகிற பணம் என்று நினைக்காதீர்கள். எங்கள் பிளாட்டுகளில் அந்தப் பணத்தில்தான் வேலையில்லாத மகன் சாப்பிடுகிறான், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கரண்ட் டோக்கன் வாங்குகிறார்கள். மாதம் இருபதாம் தேதிக்கு மேல் ஆயா "எனக்குப் பசிக்கவில்லை" என்பார். ஏன் பசிக்கவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மூட்டை அரிசியும் அஞ்சு லிட்டர் எண்ணெயும் அந்த வீட்டில் இறங்கினால் ஒரு மாதம் ஆயா வயிறாரச் சாப்பிடுவார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுவது நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் போய் என்ன பேசுவீர்கள்? ஹேம்பரில் கை வைக்காமல் மற்றதைச் செய்ய வழி பாருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி:

நான் அரசு மருத்துவமனையிலும் கிளினிக்கிலுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தம்பி சொல்லும் பசி உண்மை. அக்கா சொல்லும் தனிமையும் உண்மை. நான் சொல்ல வருவது வேறு: இந்த இரண்டிலுமே ஒரு பகுதியை, அரசு ஏற்கெனவே வைத்திருக்கும் வசதிகளை வாங்கிக்கொடுத்தாலே குறைக்கலாம். அதற்குத் தேவை பணமில்லை, நேரமும் பொறுமையும் உள்ள ஒரு ஆள்.

முதலாவது மாத்திரை. இரத்த அழுத்தம், சர்க்கரை இவை கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மாதாமாதம் விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை. 2014 முதல் நாட்பட்ட நோய் மருந்து விநியோகத் திட்டம் ஒன்று நடக்கிறது. கிளினிக்கில் பதிந்துவிட்டால் பெயர் எழுதிய பொட்டலம் வீட்டுக்குப் பக்கத்தில் நாம் சொல்லும் மருந்துக்கடைக்கோ வேறு இடத்துக்கோ வந்துவிடும். கைபேசிக்குச் செய்தி வரும். குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனைக்குப் போய்ப் புதுச் சீட்டு வாங்கினால் போதும். எத்தனையோ பேர் இதற்குத் தகுதி இருந்தும் பழைய பழக்கத்தில் வரிசையில்தான் நிற்கிறார்கள். கேட்டால், "செய்தி வந்தால் எனக்குப் படிக்கத் தெரியாதே அம்மா" என்பார்கள். அந்தச் செய்தியைப் படித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

இரண்டாவது, படுக்கையில் இருப்பவர்கள். உதவித்தொகை வாங்குபவருக்கு முழுநேரமும் இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், அதற்கென்று தனியாக ஒரு தொகை உண்டு. 2025 ஏப்ரலில் அது 560 ராண்ட். மருத்துவர் சான்று வேண்டும். அரசு மானியம் பெறும் இல்லத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடையாது. மருமகளோ பேத்தியோ வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பார்கள். வெஸ்ட்கிளிஃப் தம்பி, ஒரு வருடத்துக்கு இது எத்தனை ஹேம்பர் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, சாசா என்ற அரசு உதவித்தொகை அலுவலகத்துக்கு வரவே முடியாதவர்கள். அவர்களுக்காக உறவினரோ நண்பரோ போய் மனு கொடுக்கலாம். முதியவரின் கடிதமும் ஏன் வர முடியவில்லை என்று மருத்துவர் எழுதிய சீட்டும் இருந்தால் போதும். தூக்கிக்கொண்டு டாக்சியில் போக வேண்டும் என்று பயந்து மனுவே போடாமல் இருப்பவர்கள் உண்டு. மனுவுக்குக் காசு எதுவும் இல்லை. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த இன்சுலின் மாமாவை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தயவுசெய்து அவரை அடுத்த கூட்டம் வரை விட்டுவைக்க வேண்டாம். கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் காலம் வரை, ஊசியைத் திருகினால் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும் பேனா வகை கிடைக்குமா என்று கிளினிக்கில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு ஊசி அளவு பார்க்கச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

உம்லாங்கா வாசி:

நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக டர்பன் வந்தவன். படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு கேள்வி. இங்கே கோயில், காவடி, புரட்டாசி விரதம் எல்லாவற்றையும் இவ்வளவு கட்டுப்பாடாகக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில்கூட இந்த அளவு இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்களில் பெற்றவர்கள் எப்படித் தனியாகிறார்கள்? பிள்ளைகள் எங்கே?

பேரக்ஸில் பிறந்தவள்:

தம்பி, நீங்கள் அக்கறையோடு கேட்டதால் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான் மேகசின் பேரக்ஸில் பிறந்தவள். டர்பன் நகராட்சியில் துப்புரவு வேலையும் தெரு வேலையும் பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்து இருந்தோம். ஒரே அறையில் மூன்று தலைமுறை. தண்ணீர்க் குழாய் பொது, கழிப்பறை பொது. வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கிழவி காலையில் வாசலுக்கு வரவில்லையென்றால் பத்து நிமிடத்தில் பேரக்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும். 1960களில் எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். கேட்டோ மேனரிலிருந்தும் ஆட்களை இப்படித்தான் கிளப்பினார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வீட்டை மட்டுமா பிடுங்கியது? யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்பதையும் அதுதான் முடிவு செய்தது. பெரியப்பா ஒரு யூனிட், அத்தை இன்னொரு யூனிட், நடுவில் ஒரு மலை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கூட்டுக் குடும்பம் உடைந்ததற்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லும் முன்னால் இதை நினைக்க வேண்டும்.

அப்புறம் வேலை. எங்கள் வயதுப் பெண்களில் ரொம்பப் பேர் துணி ஆலைகளிலும் தையல் தொழிற்சாலைகளிலும் இருந்தோம். 1994-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்தது, வெளிநாட்டுத் துணி வந்து இறங்கியது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. எங்களுக்கு மாதாமாதம் வரும் ஓய்வூதியம் கிடையாது, சேமநிதியாக மொத்தமாக ஒரு தொகைதான். அதில் ஒரு பெண்ணின் கல்யாணம், ஒரு பையனின் படிப்பு, வீட்டு மேல் கடன், முடிந்தது.

அந்தப் படித்த பையன் எங்கே இருப்பான்? டர்பனில் வேலை கிடைக்காமல் ஜோகன்னஸ்பர்க் போனான். அங்கிருந்து பெர்த்தோ டொராண்டோவோ. பணம் அனுப்புகிறான், ஞாயிற்றுக்கிழமை வாட்ஸாப்பில் முகத்தைப் பார்க்கிறோம். என் மகனும் அப்படித்தான். அவன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவன் படிக்க வேண்டும், இந்த மலையை விட்டுப் போக வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டவளே நான்தான்.

ஆனால் பல்பு பியூஸ் போனால் பெர்த்திலிருந்து வந்து மாற்ற முடியாதே. அதற்குத்தான் கழகம், கோயில், பக்கத்து வீடு எல்லாம். நம் முன்னோர்களுக்கும் இது புதிதில்லை. 1860-இல் டுரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு இங்கே எந்தச் சொந்தமும் இல்லை. ஒரே கப்பலில் வந்தவர்களைச் சொந்தமாக வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு அரசு முழுப் பணம் தராத காலத்தில் தாங்களே காசு சேர்த்துக் கட்டினார்கள். அதனால்தான் நான் வாரம் ஒரு தடவை வருவதற்கு ஆதரவு.

உம்லாங்கா வாசி:

நன்றி அம்மா. என் அப்பா அம்மாவும் திருநெல்வேலியில் தனியாகத்தான் இருக்கிறார்கள். நான் அவர்களை விட்டுவிட்டு இங்கே இருக்கிறேன் என்பதை இந்தக் கேள்வியைக் கேட்கும்போது யோசிக்கவில்லை. சனிக்கிழமைகளில் எனக்கு நேரம் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது. எங்கே வர வேண்டும்?

டொங்காட் கடைக்காரர்:

இங்கே நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் டொங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கர் வரும், எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் இளவட்டங்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வார்கள். தனியாக இருக்கும் கிழவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் டேங்கர் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

அப்போது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். தெருவாரியாக யார் தனியாக இருக்கிறார், யாருக்கு நடக்க முடியாது, யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் யாரிடம் இருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஆள் பொறுப்பு. டேங்கர் வந்தால் அந்த ஆள் முதலில் நோட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஊற்றிவிட்டுத்தான் தன் வீட்டுக்கு எடுக்கலாம். சண்டை வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது.

தண்ணீர் திரும்பி வந்த பிறகும் அந்த நோட்டை மூடவில்லை. மின்வெட்டின்போது, மழை எச்சரிக்கையின்போது அதையே எடுத்தோம். நீங்கள் சாட்ஸ்வொர்த்தில் எதைச் செய்வதாக இருந்தாலும் இந்த நோட்டிலிருந்து தொடங்குங்கள். ஹேம்பர் கொடுப்பவர்களிடம் ஏற்கெனவே பெயர்ப் பட்டியல் இருக்கும். ஆனால் அது யார் கேட்டு வாங்கினார்களோ அவர்களின் பட்டியல். கேட்கவே கூச்சப்படுபவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தெருக்காரனால்தான் கண்டுபிடிக்க முடியும்.

அப்புறம் ஒன்று, எங்கள் நோட்டில் எல்லாச் சாதி, எல்லா மதம், எல்லா நிறத்தவரும் இருந்தார்கள். தாகத்தில் அதெல்லாம் பார்க்க முடியுமா?

ஆரினா பார்க் அண்ணன்:

எல்லாம் சரி. வீட்டுக்குள் ஆளை அனுப்புவதற்கு முன்னால் பாதுகாப்பைப் பேசியே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டு ஆரம்பித்தால் ஒரே ஒரு தப்பான ஆளால் எல்லாம் கெட்டுப்போகும்.

முதியோரின் உதவித்தொகை அட்டையை வட்டிக்காரன் பிடித்து வைத்துக்கொள்வது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அட்டையும் இரகசிய எண்ணும் அவன் கையில். மாதம் பிறந்தால் பணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பான். சில வீடுகளில் வட்டிக்காரன் வெளியிலிருந்து வருவதில்லை, சொந்தப் பேரனே அந்த வேலையைச் செய்கிறான். 2006-ஆம் ஆண்டு முதியோர் சட்டம் அடிப்பதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. மனத்தைப் புண்படுத்துவதையும் பணத்தைச் சுரண்டுவதையும் சேர்த்தே குற்றம் என்கிறது. அப்படி நடக்கிறதென்று சந்தேகம் வந்தால் சமூக மேம்பாட்டுத் துறைக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும். வாரம் ஒருமுறை போகும் ஆள்தான் இதையெல்லாம் முதலில் பார்ப்பார். பார்த்தால் என்ன செய்வது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கேயே சண்டைக்குப் போனால், நாம் வெளியே வந்த பிறகு அடி அந்த ஆயாவுக்குத்தான் விழும்.

எனக்குத் தோன்றும் கட்டுப்பாடுகள் இவை. தனி ஆள் போகக் கூடாது, இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். அட்டையைத் தொடவே கூடாது, இரகசிய எண்ணைக் கேட்கவும் கூடாது, அவர்களே சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. பணம் எடுக்கப் போகிறார் என்றால் கூட நடந்து போகலாம், மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. உயில், வீட்டுப் பத்திரம் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. கையெழுத்து வேண்டிய காகிதம் எதுவாக இருந்தாலும் கழகச் செயலாளருக்குத் தெரியாமல் நிரப்பக் கூடாது.

உதவித்தொகை வரும் முதல் நாளே போய் எடுத்தாக வேண்டும் என்ற பயத்தையும் போக்குங்கள். பணம் கணக்கில் அப்படியேதான் இருக்கும். கூட்டம் குறைந்த பிறகு போனால் திருடனும் பின்னால் வர மாட்டான்.

ஃபீனிக்ஸ் தங்கை:

ஒன்று கேட்கலாமா? முதியோர் இல்லம் என்றாலே நம்மவர்கள் அவமானம் என்று நினைக்கிறார்கள். என் மாமியாருக்கு மறதி நோய். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மறந்துவிடுவார், இரவில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். இல்லத்தில் சேர்க்கலாமா என்று கேட்டதற்குச் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. வாரம் ஒருமுறை யாராவது வந்தால் எங்களுக்குப் போதாது. இப்படிப்பட்ட வீட்டுக்குக் கழகம் என்ன செய்யும்?

ஓய்வுபெற்ற செவிலி:

மகளே, அவமானம் ஒன்றுமில்லை. ஆரிய யுவக் சபா 1921-லேயே நம் மக்களுக்காக ஆரியன் பெனவலண்ட் ஹோமைத் தொடங்கியது. இன்றும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னாலேயே, தொழிலுக்கு வந்து குடும்பமில்லாமல் முதுமையடைந்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு இடம் வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். டர்பனில் டாஃப்டா என்ற முதியோர் நல அமைப்பு 1958-இலிருந்து முதியோருக்காகவே நடக்கிறது. இடம் கிடைப்பது எல்லா இடத்திலும் சிரமம், அதனால் முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள். பெயர் கொடுப்பது அனுப்பிவிடுவது ஆகாது.

அதுவரைக்கும்: வெளிக்கதவுக்கு மேல்பக்கம் இன்னொரு தாழ்ப்பாள், அடுப்புக்கு மெயின் சுவிட்ச். நீங்கள் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும்போது மட்டும் இரவில் தாழ்ப்பாள் போடுங்கள், அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போகாதீர்கள். முதியோர் பகல் மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். கழகம் உங்களைப் போன்றவர்களுக்குச் செய்யக்கூடியது, வாரத்தில் ஒரு மதியம் வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களைத் தூங்க விடுவது. அதைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பார்த்துக்கொள்கிறவள் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு நோயாளி.

மாலைப்பள்ளி வாத்தியார்:

மறதி நோய் என்றதும் எழுதத் தோன்றியது. கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவி ஒருத்தியின் பாட்டி வாழ்நாளெல்லாம் தொழிற்சாலையில் ஆங்கிலம் பேசியவர். நோய் முற்றியதும் ஆங்கிலம் விலகிப்போய், சின்ன வயதில் வீட்டில் பேசிய தமிழுக்குத் திரும்பிவிட்டார். பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. பார்த்துக்கொள்ள வந்த பெண் இசிஜுலு என்ற ஜூலு மொழி பேசுபவர். பாட்டி தண்ணீர் கேட்டாலும் வலி என்றாலும் யாருக்கும் புரியவில்லை. முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த மாணவி என்னிடம் வந்து தண்ணீர், வலி, பசி, குளிர், வேண்டாம், ஒன்றுக்கு, பயம் என்று சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். பார்த்துக்கொள்ளும் அந்தச் சகோதரியே இரண்டு நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். உச்சரிப்பு என் மாணவர்களைவிடத் தெளிவு. அதற்குப் பிறகு பாட்டி அவர் கையால் மட்டும்தான் சாப்பிட்டார் என்று கேள்வி. அவருக்கு மனதாரக் கைகூப்புகிறேன். நம் முதியவர்களைக் குளிப்பாட்டி உடுத்துவது பெரும்பாலும் இந்தச் சகோதரிகள்தான். கழகம் முதியோருக்கு ஒரு நிகழ்ச்சி வைத்தால் அவர்களையும் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

கழகத்துக்கு நான் தரக்கூடியது: என் வகுப்பில் பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் சம்மதித்தால் வருகிறவர்களோடு இரண்டு பேரைச் சேர்த்து அனுப்புகிறேன். ஒரு தேவாரம் பாடட்டும், ஆயாவின் பழைய கதையைக் கேட்கட்டும். பாடம் படிப்பதைவிட அதில் அதிகம் தமிழ் கற்றுக்கொள்வார்கள்.

குரோஸ்மூர் ஆள்:

வாத்தியாருக்கு நன்றி. டொங்காட் அண்ணன் சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன். சாட்ஸ்வொர்த் என்றால் நம்மவர்கள் மட்டும் இல்லை. பாட்டில்பிரஷ் குடிசைகளிலும் கோகோமார், அதாவது ஜூலுப் பாட்டிமார், இருக்கிறார்கள், அதே உதவித்தொகையில் அதே மாதிரி பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அங்கே படிகூட இல்லை, மழை பெய்தால் சேறுதான். நோட்டைப் போடும்போது அந்தப் பக்கத்தையும் எழுதுங்கள். உங்களுக்கு மொழி தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் அங்கே வளர்ந்த பிள்ளைகளோடு பந்து விளையாடியவன்.

ஆரினா பார்க் அண்ணன்:

பேரக்ஸ் அம்மா துணி ஆலையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. மூடிய ஆலைகளின் சேமநிதிப் பணத்தில் கேட்பாரற்றுக் கிடப்பது நிறைய. நிதித்துறை நடத்தை ஆணையம் அதற்கென்றே இணையத்தில் தேடும் வசதி வைத்திருக்கிறது. அடையாள எண்ணையும் பெயரையும் போட்டால் அந்தப் பெயரில் ஏதாவது நிதி காத்திருக்கிறதா என்று சொல்லும். இலவசம். "கண்டுபிடித்துத் தருகிறேன், பாதி எனக்கு" என்று வருபவர்களிடம் ஏமாற வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பெயரிலும் தேடிப் பாருங்கள், அந்தக் காலத்தில் பல பெண்கள் அந்தப் பெயரில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். வீட்டு வரியில் ஓய்வூதியக்காரர்களுக்கு டர்பனின் எதெக்வினி நகராட்சி தரும் தள்ளுபடிக்கும் மனுப் போட்டார்களா என்று கேளுங்கள். அந்தத் தாத்தாவின் இழுப்பறையில் இருக்கும் கடிதங்களில் அதுவும் இருக்கலாம்.

வெஸ்ட்கிளிஃப் பேரன்:

செவிலி அம்மா சொன்ன 560 ராண்டை எங்கள் ஆயாவிடம் சொன்னேன். என் தாத்தா படுக்கையில்தான் இருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை மருத்துவரிடம் சீட்டு வாங்கப் போகிறோம்.

ஹேம்பரை நிறுத்தாதீர்கள் என்பதை இப்போதும் சொல்கிறேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். தனியாக இருக்கும் ஒருவருக்குப் பத்துக் கிலோ அரிசி எதற்கு? அவருக்குக் கம்பி போடுங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அரிசியைக் கூட்டிக் கொடுங்கள். வெல்டிங் எனக்குத் தெரியும். கம்பி வாங்கிக் கொடுத்தால் கூலி வேண்டாம்.

பேவியூ மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது.

கூட்டத்தில் இப்படிப் பேசப் போகிறேன். முதலில் தெருவாரியாக நோட்டு, பாட்டில்பிரஷ் உட்பட. அது முடியும் வரை ஹேம்பர் பணத்தைத் தொட வேண்டாம். யாருக்கு அரிசி, யாருக்குக் கம்பி, யாருக்கு ஆள் என்று நோட்டைப் பார்த்துத்தான் பணத்தைப் பிரிக்க வேண்டும். ஆரினா பார்க் அண்ணனின் கட்டுப்பாடுகளை அப்படியே அச்சடித்து, போகிறவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். செவிலி அம்மா, ஒரு சனிக்கிழமை காலை வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? எந்த மனுவுக்கு எந்தக் காகிதம், ஊசியில் அளவு பார்ப்பது எப்படி, காலில் புண் இருந்தால் என்ன பார்க்க வேண்டும் என்பது வரை.

எங்கள் கழகம் லயன்ஸ் என்ற உலகளாவிய சேவைச் சங்கத்தைச் சேர்ந்தது இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1925-இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்கு நேரில் வந்து, பார்வையற்றவர்களுக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து உலகம் முழுக்க அவர்கள் கண்ணுக்காக வேலை செய்கிறார்கள். ஒரு கழகம் ஒரே விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது போதும். கண் பரிசோதனைக்கு அவர்களையும் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்சுலின் மாமா வீட்டுக்கு நேற்றே போய்விட்டு வந்தோம். பக்கத்து வீட்டு அண்ணி காலையும் மாலையும் அளவு பார்த்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார். கிளினிக்கில் கண்ணுக்கு எழுதி வாங்க வேண்டும், செவ்வாய் காலை. என் வண்டி அன்று இல்லை. யாராவது வர முடியுமா?

ஓய்வுபெற்ற செவிலி:

சனிக்கிழமை வருகிறேன். மண்டபத்தில் ஒரு மேசையும் ஒரு கரும்பலகையும் போதும். செவ்வாய்க்கு மாமாவைப் பழைய மருந்துச் சீட்டு, அடையாள அட்டை இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலை மருந்தைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டே வரட்டும், வரிசையில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது. கையில் ஒரு ரொட்டியும் இருக்கட்டும்.

குரோஸ்மூர் ஆள்:

செவ்வாய் நான் ஓட்டுகிறேன். ஆறு மணிக்குள் வாசலில் இருப்பேன், படியிறங்க நானே கைபிடித்துக் கூட்டிவருகிறேன். வீட்டு எண்ணை இங்கே போடாதீர்கள், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.